கொற்கை வன்னியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்

ஏரல், பெருங்குளம், உமரிக்காடு, கொற்கை, குரும்பூர்ப் பக்கங்களில் குளத்துக்குள்ளும் கால் ஓரத்திலும் முள் வெட்டக் கிளம்பியிருக்கும் தம்பிமாருக்கு, நூறு நாள் வேலைக்கு வரும் அக்கா தங்கச்சிமாருக்கு, ஜேசிபி ஓட்டும் பிள்ளைகளுக்கு,



உங்கள் வேலையை நிறுத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்து ஊர் துண்டாகிக் கிடந்தது. மாடியில் உட்கார்ந்து தெருவில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். கால்வாயிலும் மறுகாலிலும் முள் அடைத்துக் கிடந்தால் வெள்ளம் எந்த வழியாகப் போகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சீமைக்கருவேலம் குளத்தை விட்டுப் போகத்தான் வேண்டும்.

அதை மட்டும் போகச் சொல்லுங்கள். கூடவே அதன் பங்காளிகளையும் பிடுங்கிவிடாதீர்கள். கேட்பது இவ்வளவுதான்.

இதைக் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்றால், ஒரு தப்பு செய்தவன் என்ற தகுதி இருக்கிறது. 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கடுமையாக உத்தரவு போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சீமைக்கருவேலத்தை ஒழிக்காதவனெல்லாம் துரோகி என்ற மாதிரி ஊரெல்லாம் ஒரே வேகம். எங்கள் குளக்கரைக்கும் ஒரு இயந்திரம் வந்தது. மரத்தைக் காட்டிக் கொடுக்க ஒரு பெரிய மனுசன் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “இது, அது, அந்தா நிக்கிறது” என்று விரலை நீட்டிக்கொண்டே போனேன். முள் இருந்தது, பொடி இலை இருந்தது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு ஆச்சி, பிடுங்கிப் போட்டிருந்த குவியலைப் பார்த்து நின்றுவிட்டாள். தொரட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கிளையைத் தூக்கினாள். “என்ன காரியம் பண்ணிட்டிய அண்ணாச்சி, இது வன்னில்லா!” என்றாள். ஆடுகள் அதற்குள் அந்தக் குவியலில் ஒரே ஒரு மரத்தின் தழையை மட்டும் சுற்றி நின்று மேய ஆரம்பித்திருந்தன. மற்ற எதையும் அவை தொடவில்லை. என் தொடை பருமன் இருந்த வன்னி அது. வன்னி ஆடி அசைந்து வளர்கிற மரம். அந்தப் பருமனுக்கு வர எத்தனை வருசம் ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அதே ஆண்டு சென்னையிலிருந்து அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை வந்தது. வன்னிக்கு அது பிரயோசனப்படவில்லை.

இப்போது யோசித்தால், அந்தத் தப்பின் வேர் பெயரில்தான் இருக்கிறது. ‘சீமைக்கருவேலம்’ என்று காகிதத்தில் இருக்கும். பேச்சில் வரும்போது அது ‘கருவேலம்’ ஆகிவிடும். சீமை என்ற இரண்டு எழுத்து உதிர்ந்தால் போதும், நம் நாட்டுக் கருவேலத்தின் மீது கோடாலி விழும். சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமைப் பசு என்று கடல் கடந்து வந்ததற்கெல்லாம் அந்தச் சொல்லை ஒட்டினார்கள் நம் முன்னோர். ஒட்டியவர்கள் காரணத்தோடுதான் ஒட்டினார்கள். நம் தூத்துக்குடிப் பக்கம் இன்னும் மோசம். இங்கே சீமைக்கருவேலத்தை ‘உடை’ என்கிறோம், உடங்காடு என்கிறோம். உடை என்பது காலங்காலமாக இந்த மண்ணில் குடை மாதிரி விரிந்து நிற்கும் வேறொரு வேலமரத்தின் பெயர். வந்தவன் வீட்டுக்காரன் பெயரையும் எடுத்துக்கொண்டான். ‘உடையை வெட்டு’ என்று ஒருவர் சொன்னால் எந்த உடை என்று திருப்பிக் கேட்கிற பழக்கம் வரவேண்டும்.

ஆக, நம் குளத்திலும் தேரிக்காட்டிலும் முள்ளும் பொடி இலையுமாக நிற்பவை முக்கியமாக ஐந்து. சீமைக்கருவேலம், வன்னி, நாட்டுக் கருவேலம், வெள்வேலம், உடை. கொடுக்காப்புளியை நீங்கள் யாரும் தப்பாக வெட்டமாட்டீர்கள்; அதன் காயைத் தின்னாத வாய் ஏரலில் இல்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

பூ இருக்கும்போது பிரச்சினையே இல்லை. பூவை வைத்து ஐந்தையும் இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். சீமைக்கும் வன்னிக்கும் பூ கதிர்போல நீளமாக வரும், விரல் நீளத்துக்கு, சில சமயம் அதற்கும் மேலே. வெளிறிய மஞ்சள் நிறத்தில் சிறு சிறு பூக்கள் நெருக்கமாக அடுக்கி, பூனைக்குட்டி வால் மாதிரி தொங்கும். மற்ற மூன்றுக்கும் பூ உருண்டை. பொடிப்பொடி இழைகள் சேர்ந்து பட்டுநூல் பந்து மாதிரி. பந்து நல்ல மஞ்சளாக, மூக்கருகே கொண்டுபோனால் மணமாக இருந்தால் நாட்டுக் கருவேலம். வெளிறிய பாலாடை நிறத்துப் பந்துகள் கிளை நுனியில் பெரிய கொத்தாகக் கூடி, மரத்தின் தலையில் மாவு தூவின மாதிரி தெரிந்தால் வெள்வேலம். வெள்ளைப் பந்துகளும் மேலே தட்டையாக வெட்டிவிட்ட மாதிரி தலையும் இருந்தால் உடை. பந்து கண்ணில் பட்டால் அரிவாளைக் கீழே போடுங்கள். உருண்டைப் பூ பூக்கும் சீமைக்கருவேலம் உலகத்தில் இல்லை.

கதிர்ப் பூ என்றால்தான் சிக்கல். சீமையும் வன்னியும் நெருங்கிய சொந்தம். இலையும் ஒரே சாயல், பூவும் ஒரே சாயல். இங்கேதான் நான் விழுந்தேன்.

அதற்கு முள்ளைப் பார்க்கவேண்டும். ஒரு விரல் பருமன் உள்ள இளங்கிளையை ஒடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீமையில் முள் எங்கே இருக்கும் என்றால், இலை கிளையோடு சேர்கிற கணுவில் இருக்கும். பெரும்பாலும் ஜோடியாக, சில இடத்தில் ஒற்றையாக, நேராக, ஊசி மாதிரி. கணுவுக்குக் கணு கிளை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பி, நெளிந்து போகும். இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள இடத்தை விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்கும், முள் இருக்காது. வன்னியில் இது தலைகீழ். முள் கணுவில் கட்டுப்பட்டு இராது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையில், தோலில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். சின்ன முள். அடி அகலமாக, ரோஜாச் செடி முள் மாதிரி. கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் அடியோடு பெயர்ந்து வரும். சீமை முள் அப்படி வராது. கிளையின் கட்டையோடு அது ஒன்று. இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் அன்றைக்குச் செய்யாமல் விட்ட ஒரு நிமிடம் அது.

காய் இருந்தால் இன்னும் சுலபம். சீமையின் காய் தடிப்பானது, வைக்கோல் நிறம், கொஞ்சம் வளைந்திருக்கும், உள்ளே இனிப்புச் சதை. ஆடு மாடு ஓடிவந்து தின்னும். விதை செரிக்காமல் சாணியோடும் புழுக்கையோடும் போய் அடுத்த குளத்தில் முளைக்கும். இது பரவிய வழியே அதுதான். வன்னிக்காய் ஒல்லியாக, பென்சிலைவிடவும் மெல்லிசாக, மரத்திலிருந்து கொத்தாகத் தொங்கும். வன்னியின் அடிமரத்தைப் பார்த்தால் சாம்பல் பூசின மாதிரி, வெடித்து வெடித்துச் சொரசொரப்பாக இருக்கும்.

நாட்டுக் கருவேலத்துக்கும் சீமைக்கும் முள்சோதனை உதவாது. இரண்டிலும் முள் கணுவில்தான், இரண்டிலும் ஜோடிதான். இளங்கருவேலத்தின் முள் வெள்ளைவெளேரென்று ரொம்ப நீளமாகவே இருக்கும். பூவும் காயும் இல்லாத கன்றாக இருந்தால் இலையை எண்ணவேண்டும். ஒரு முழு இலையைப் பறித்தால் நடுவில் ஒரு காம்பு, அதிலிருந்து இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சின்னக் காம்புகள் பிரியும், அந்தச் சின்னக் காம்புகளில்தான் பொடி இலைகள். அந்த ஜோடிகளை எண்ணுங்கள். சீமையில் ஒரு ஜோடி அல்லது இரண்டு, அபூர்வமாக மூன்று. கருவேலத்தில் மூன்றுக்குக் குறையாது, ஏழெட்டு வரை போகும். பொடி இலைகளும் ரொம்பச் சின்னதாக, சீப்புப் பல் மாதிரி நெருங்கி இருக்கும். வளர்ந்த மரமென்றால் பட்டை கறுத்து, நீளவாக்கில் பிளந்து, பிசின் வடிந்திருக்கும். காயைப் பார்த்தால் சந்தேகமே வராது: வெளுத்த சாம்பல் நிறம், விதைக்கு விதை இறுகிச் சுருங்கி, கோத்த மணிமாலை மாதிரி. என் தங்கச்சி அதைக் காலில் கொலுசாகக் கட்டிக்கொண்டு குளக்கரையில் நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆலோடு சேர்த்துப் பல்லுக்கு உறுதி என்று சொல்லப்பட்ட வேல் இதுதான். ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் உழைத்த மரம். கூந்தன்குளத்துப் பறவைகள் தண்ணீருக்கு நடுவே கூடு கட்டுவது இந்த மரத்தில்தான். குளத்துக்குள் நிற்கிறது என்பதற்காக அதைச் சீமை என்று எண்ணிவிடாதீர்கள்.

வெள்வேலத்துக்குப் பட்டையே சாட்சி. வெளிறிய பட்டை. அந்தப் பட்டைக்குச் சாராயத்தோடு நெடுநாள் உறவு உண்டு; அதைப் பற்றி நான் அதிகம் பேசினால் வீட்டில் பேச்சு வாங்கவேண்டி வரும். உடையை நீங்கள் வல்லநாட்டுக் குன்றுகளில், வெளிமான் சரணாலயப் பக்கம் போனால் பார்க்கலாம், தட்டையாகக் குடை விரித்தபடி நிற்கும். அதன் ஒரே கிளையில் நீண்ட நேர்முள்ளும் கொக்கி மாதிரிக் குட்டை முள்ளும் கலந்திருக்கும். நேர்முள் குத்தும், கொக்கி முள் சட்டையைப் பிடித்து இழுக்கும். தென்தமிழ்நாட்டையும் அக்கரை இலங்கையையும் போன்ற வறண்ட கரைகளுக்கே உரிய மரம் அது. வேறெங்கோ இருந்து கன்று வாங்கி நட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க முடியாது.

விஞ்ஞானிகள் வைத்த பெயர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வெள்வேலத்துக்கு லியூகோஃப்ளியா என்று பெயர். அர்த்தம் வெள்ளைப் பட்டை. நம் ஆட்கள் வெள்வேல் என்றதும் அதைப் பார்த்துத்தான். வன்னிக்கு சினரேரியா, சாம்பல் நிறத்தது. சீமைக்கு ஜூலிஃப்ளோரா, கதிர்ப் பூ உடையது. ஆடு மேய்த்தவரும் லத்தீன் படித்தவரும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று: வன்னியையும் சீமையையும் நெடுங்காலம் புரோசாபிஸ் என்ற ஒரே குடும்பப் பெயரில் வைத்திருந்தார்கள். 2022-ல் அந்தக் கூட்டத்தைப் பிரித்து, சீமைக்கு நெல்டூமா என்று தனிப் பெயர் கொடுத்துவிட்டார்கள். வன்னி பழைய பெயரிலேயே இருக்கிறது. பாகப்பிரிவினை நடந்துவிட்டது. நம் ஊரில்தான் இன்னும் இருவரையும் ஒரே வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சீமை எப்படி வந்தது என்று வாட்ஸாப்பில் ஒவ்வொரு மாதமும் ஒரு கதை வரும். ஹெலிகாப்டரில் விதை தூவினார்கள், அமெரிக்கச் சதி, காமராசர் காலத்தில் வந்தது என்று. அந்தக் காலத்தில் வறண்ட மாவட்டங்களில் விறகுக்காக இதைப் பரப்பியவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் மரம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி இதன் தாய்வீடு. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த லெப்டினன்ட் கர்னல் பெட்டோம் விதை கேட்டு எழுத, 1877-ல் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். அதே 1877-ல்தான் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தான் தோண்டிப் பார்த்ததைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். நம் பழைய துறைமுகம் அச்சில் ஏறிய வருசமும், இந்த முள் கடப்பையில் ஊன்றிய வருசமும் ஒன்று. இதில் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. எனக்கு மறக்காமல் இருக்க உதவுகிறது, அவ்வளவே.

அதே வாட்ஸாப்பில் இது காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சும், கரியமில வாயு கக்கும், இதன் நிழலில் படுத்தால் நோய் வரும் என்றெல்லாம் வரும். எந்த மரமும் இரவில் கரியமில வாயுவை வெளிவிடத்தான் செய்யும். இந்தப் பயமுறுத்தலை நான் விரும்பாததற்குக் காரணம் உண்டு. பயந்தவன் நின்று முள்ளைப் பார்க்கமாட்டான். முள்ளாகத் தெரிவதையெல்லாம் வெட்டுவான். சீமை குளத்தில் நிற்கக் கூடாது என்பதற்கு, தண்ணீர் போகும் வழியை அடைக்கிறது, வேறு செடியை வளரவிடாது என்ற இரண்டு காரணம் போதும். நியாயமாகச் சொன்னால் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கும், விறகுக்கு வேறு வழி இல்லாத வீடுகளுக்கும் அது சோறு போட்டிருக்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பு எழுதினாலும் அதையும் எழுதவேண்டும்.

வெட்டும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. சீமையைத் தரைமட்டத்தில் வெட்டினால் அது வெட்டியதே இல்லை. ஒன்று வெட்டிய இடத்தில் நாலு தளிர் வரும். தூரோடு, மண்ணுக்குள் ஒரு முழமாவது தோண்டி எடுக்கவேண்டும். அதற்குத்தான் இயந்திரம். இயந்திரத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு முள் கணுவில் இருக்கிறதா, இடையில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அவர் மேல் பழி சொல்ல எனக்கு வாயில்லை. 2017-ல் கீழே நின்று காட்டிக் கொடுத்த எனக்கே தெரியவில்லை. இயந்திரம் வருவதற்கு முந்தின நாள், கால்நடையாகப் போய், விடவேண்டிய மரங்களின் அடிமரத்தில் சுண்ணாம்பு வளையம் போடுங்கள். வெட்டவேண்டியதற்குக் குறி வைக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் நிற்கிறது, கை ஓய்ந்துவிடும். விடவேண்டியது கொஞ்சம்தான். சந்தேகமாக இருக்கும் கன்றுக்கும் வளையம் போடுங்கள். அது சீமையாகவே இருந்தாலும் அடுத்த வருசம் பூத்துக் காட்டிக்கொடுக்கும், அப்போது பிடுங்கிக்கொள்ளலாம். வன்னியாக இருந்தால்?

அந்த நடையில் ஆடு மேய்ப்பவர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். சீமையின் காயைத் தின்னும் ஆடு அதன் தழையில் வாய் வைப்பதில்லை. வன்னித் தழையையும் வேலந்தழையையும் விடாது. ஒரு ஆட்டையும் கூடவே ஓட்டிக்கொண்டு போனால் செலவில்லாமல் ஒரு நிபுணர் கிடைத்த மாதிரி.

வளைகுடாவில் இருந்துவிட்டு வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. அங்கே மணலில் தனியாக நிற்கும் காஃப் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம். அது நம் வன்னிதான். அங்கேயும் சீமை புகுந்து இதே குழப்பம் உண்டு. ராஜஸ்தானில் இதைக் கேஜ்ரி என்பார்கள். ஜோத்பூர் அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டுமென்று 1730-ல் ஆட்கள் வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி என்ற பெண்ணில் தொடங்கி 363 பிஷ்னோய்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரை விட்டார்கள். கேஜர்லி என்பது அந்த ஊர். உங்களை யாரும் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. கிளையைத் திருப்பி முள்ளைப் பார்க்கச் சொல்கிறேன்.

வன்னியைப் பார்க்க நீங்கள் ராஜஸ்தானுக்கும் போகவேண்டாம், துபாய்க்கும் போகவேண்டாம். நம் பக்கத்து ஊர் கொற்கையில் ஒன்று நிற்கிறது. முத்துக்குப் பெயர்போன பாண்டியன் துறைமுகம். இன்றைக்குக் கடல் பின்வாங்கி, வாழையும் நெல்லுமாக இருக்கும் ஊர். இரண்டாயிரம் வருசத்து மரம் என்று ஊரார் அந்த வன்னியைச் சொல்கிறார்கள். வயதை யாராவது அளந்து சொல்லட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. முண்டும் முடிச்சுமான அந்தக் கிழட்டு மரத்தைத் தொட்டுவிட்டு, அதன் இளங்கிளையில் முள் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை விரலால் தடவினால் அந்தக் கை அதை மறக்காது. பாடப்புத்தகப் படத்தில் அது வராது, இந்த மடலிலும் வராது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கொற்கை வன்னியடியில் இருப்பேன். குழுவுக்கு இரண்டு பேராவது வாருங்கள். அக்காமார் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஜேசிபி தம்பிகள் கட்டாயம் வரவேண்டும், டீ என் செலவு. ஆளுக்கு ஒரு சீமைக் கிளை உங்கள் குளத்திலிருந்து ஒடித்துக்கொண்டு வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வன்னியில் இருந்து யாரும் ஒடிக்க வேண்டாம், கீழே விழுந்து கிடப்பதே போதும். அங்கிருந்து நேரே குளத்துக்கு நடப்போம். சுண்ணாம்பு வாளியும் மட்டையும் நான் எடுத்து வருகிறேன்.